வாழைக்கறை பூசிய மேசை

மேசையில் கீறல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கீறியது நான்தான். அப்போது வீட்டில் வேறு யார் கையிலும் கத்தி இல்லை.

அது என் தங்கச்சி மகளுக்கு வாங்கிய மேசை. தங்கச்சியைப் பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மகள் வயசுக்கு வந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் நான். சீர் கொண்டுபோக வேண்டும். சேலை, வளையல், பழத்தட்டு எல்லாவற்றையும் என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று போனில் கேட்டதற்கு, பீரோ வேண்டாம், கண்ணாடி வைத்த மேசையும் வேண்டாம், படிக்கிற மேசை வாங்கிக் கொடுங்க மாமா என்று சொன்னது. சின்னமனூரில் ஒரு மரக்கடையில் தேக்கு மேசை எடுத்தேன். இரண்டு இழுப்பறை. மேல் பலகையில் முகம் தெரிகிற பாலிஷ்.

கடைக்காரர் அட்டை வைத்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிக் கொடுத்தார். அப்படியே விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை ஒன்றும் ஆகியிருக்காது. நான் பிரித்தேன். உள்ளே ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் பிரித்தேன்.

தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். வாழைத்தார் வெட்டுகிற கத்தி இடுப்பிலேயே இருந்தது. அதை டேப்பில் வைத்து இழுத்தேன். வாழைக்குக் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்துவிட்டேன் போல. டேப்பு அறுந்தது, அட்டை அறுந்தது, பலகையிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்தது. ஆழம் இல்லை. ஆனால் பாலிஷுக்கு அடியில் இருந்த மரம் வெளுப்பாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகப் பார்த்தேன். வேறு குறை ஏதும் இல்லை.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் என்னை வெட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒரு காரணத்துக்காகத்தான் கூப்பிடுவார்கள். நான் இறக்குகிற தாரில் காயம் இருக்காது. காயில் நகம் பட்டால் மறுநாள் அந்த இடம் கறுத்துவிடும், வியாபாரி தள்ளிவிடுவார். லாரியில் சருகைப் பரப்பி, தாரைப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி கிடத்துவேன். அந்தக் கையால்தான் இதுவும் நடந்தது.

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"எதுக்குப் பிரிச்சீக?"

"குறை இருக்கான்னு பாக்க."

"இருக்கா?"

"இப்ப இருக்கு."

கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சின்னக் கீறல்தான, யாரு பாக்கப் போறா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே, "ஆமா, பாக்குறதுக்குன்னே அங்கன ஒருத்தர் இருக்காகளே" என்றாள்.

அந்த ஒருத்தர் தங்கச்சி வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை முறை. என்னைவிட வயதில் இளையவர். நாலு வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அதற்குக் காரணம் ஒரு குடம்.

நாலு வருடத்துக்கு முன்னால் தங்கச்சி மகனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பையன் என் வேட்டியில் ஒன்றுக்கு இருந்தான். அதெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நான் சீராகக் கொண்டுபோனதில் ஒரு எவர்சில்வர் குடம். பஸ்ஸில் போனபோது எங்கேயோ இடித்து விளிம்பில் ஒரு நசுங்கல். நான் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டார். பந்தலில் அத்தனை பேருக்கும் நடுவே குடத்தைத் தூக்கி விரலால் தட்டி, "மச்சான், குடம் வர்ற வழியில விழுந்து எந்திரிச்சு வந்திருக்கு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இலை போட்டாகிவிட்டது. கறிச்சோறு. நான் எழுந்தேன். "இனிமே இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெரு முனை வரை தங்கச்சி அழுதுகொண்டே வந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டேன்.

அதன் பிறகு நான் பெரியகுளம் போகவில்லை. தங்கச்சி பொங்கலுக்கு வந்து போகும். அவர் வர மாட்டார்.

இப்போது பிள்ளை வயசுக்கு வந்ததும் தங்கச்சி போன் போட்டது.

"அண்ணே, நீ வருவியா மாட்டியா?"

"வருவேன்."

"நீ வராட்டி ஒண்ணுவிட்ட அண்ணன நிக்க வைக்கலாம்னு இங்கன பேசுறாக. நீ உசுரோட இருக்கையில எனக்கு எதுக்குண்ணே இன்னொருத்தன்?"

"வர்றேன்னுதான் சொல்லுறேன்."

"வந்தாப் பத்தாது. இவுக வாயி சும்மா இருக்காது. ஏதாச்சும் சொல்லுவாக. நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போனீன்னா, எனக்குப் பொறந்த வீடு அன்னைக்கோட இல்ல. பாத்துக்க."

"சரித்தா."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். சபையில் சிரித்தார்களென்றால் என் கால் தானாக எழுந்துவிடும். அது நான் யோசித்துச் செய்வதில்லை. அதனால் அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் பொருளைக் கொண்டுபோவது ஒன்றுதான் வழி. அதற்காகத்தான் பிள்ளையிடமே கேட்டு மேசை. அதற்காகத்தான் தேக்கு. அதற்காகத்தான் பிரித்துப் பார்த்ததும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். பாலிஷ் போடுகிறவர் கம்பத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

முதலில் தேங்காய் எண்ணெய். வீட்டுக்காரியின் யோசனை. பஞ்சில் நனைத்துக் கீறல் மேல் தேய்த்தாள். கீறல் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. நான் தூரத்தில் நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன், காணவில்லை.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீக" என்றாள்.

மறுநாள் காலையில் எண்ணெய் காய்ந்திருந்தது. கீறல் திரும்ப வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம காலையில ஒருக்கா தேச்சுட்டா?" என்றாள்.

"மாப்ள திங்கக்கிழமயும் பாப்பாரு."

புதன்கிழமை எண்ணெயில் காப்பித்தூளைக் குழைத்துத் தடவினாள். கோட்டுக்குள் கொஞ்சம் நிறம் ஏறியது. துடைத்ததும் தூள் வெளியே வந்துவிட்டது. மேசையில் காப்பி மணம் மட்டும் நின்றது.

வியாழக்கிழமை செவ்வாழை வெட்டு இருந்தது. தாரை அறுத்ததும் காம்பிலிருந்து கறை சொட்டியது. சட்டையில் பட்டது. எப்போதும் படுவதுதான். என் சட்டை எதை எடுத்தாலும் தோளிலும் நெஞ்சிலும் பழுப்புத் திட்டு இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. விழும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் மர நிறம். அன்றைக்குத்தான் அதை நான் நின்று பார்த்தேன். துணியில் போகாதது மரத்தில் மட்டும் போய்விடுமா என்று தோன்றியது.

ஒரு சிரட்டையில் கறையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரி பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"கீறலுக்கு."

"இருவது வருசமா உங்க சட்டையத் துவைக்கிறேன். அதுக்குப் பழி வாங்க மேசை ஆப்டுச்சாக்கும்."

ஈர்க்குச்சியின் நுனியை நசுக்கி, கறையில் தொட்டு, கோட்டின் மேல் இழுத்தேன். ஓரத்தில் வழிந்ததை உடனே துடைத்தேன். பாலிஷ் மேல் பட்டது துடைத்தால் வந்துவிட்டது. கோட்டுக்குள் இறங்கியது நின்றுவிட்டது. சாயங்காலம் பார்த்தால் கோடு மரத்தோடு மரமாக இருந்தது. எண்ணெய் மாதிரி ஏமாற்று இல்லை. விரல் வைத்துத் தேய்த்தேன், நிறம் போகவில்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வாழைக்கறை ஒரே நாளில் நின்றுவிடாது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். சட்டையில் முதல் நாள் பழுப்பாக இருக்கும், மறுநாள் கறுப்பாகிவிடும். தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேசைக்கு மை வைத்த மாதிரி இருந்தது. முன்பு கிட்டே வந்து பார்த்தால்தான் கீறல் தெரியும். இப்போது வாசலில் நின்றாலே தெரிந்தது.

வீட்டுக்காரி முந்தானையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

பெயிண்ட் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்து கோட்டைத் தேய்த்தேன். கறுப்பு போனது. கூடவே பாலிஷும் போனது. ஒரு சாண் கோடு இருந்த இடத்தில் இப்போது முறம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. அந்த நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது என்று சொல்ல முடியாது. வேறு வழி இல்லாமல் போனது, அவ்வளவுதான். திட்டை மறைக்க முடியாது. பலகை முழுவதையும் திட்டாக ஆக்கிவிடலாம்.

மேசையை வாசலில் தூக்கிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தேய்த்தாள். நான் கூப்பிடவில்லை. இரண்டு பேர் தலையிலும் மரத்தூள். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு அம்மா நின்று பார்த்தது.

"என்ன மதினி, சடங்கு பிள்ளைக்கா, மேசைக்கா?"

"மேசைக்குத்தான். பிள்ளைக்கு ஞாயித்துக்கிழம" என்றாள் வீட்டுக்காரி.

மத்தியானத்துக்குள் பலகை முழுக்க வெளுத்துவிட்டது. தோட்டத்துக்குப் போய், முதல் நாள் வெட்டிய மரங்களின் அடியைச் சீவி, ஒரு தூக்குவாளியில் கறை பிடித்து வந்தேன். பழைய பனியனை நனைத்துப் பலகை முழுவதும் ஒரே சீராகத் தடவினேன். காய்ந்ததும் இன்னொரு தடவை. முதலில் டீ நிறம். பிறகு வெல்லம். சனிக்கிழமை காலையில் கருப்பட்டி. அதற்கு மேல் கறுக்கவில்லை. கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதன் மேல் வார்னிஷ் அடித்தேன். பளபளப்பு வந்துவிட்டது.

ஒன்று மட்டும்தான். கால்களும் இழுப்பறைகளும் பழைய தேன் நிறத்திலேயே இருந்தன. அவற்றையும் தேய்க்க நாள் இல்லை.

"இது ரெண்டு மேசை மாதிரி இருக்கு" என்றாள் வீட்டுக்காரி.

"ஒரு மேசைதான்."

"எனக்குத் தெரியும். அவுக கேப்பாகளே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் சருகைப் பரப்பி, மேசையை ஏற்றி, மேல் பலகையைப் புதுத்துண்டு போட்டு மூடிக் கட்டினோம். வழியெல்லாம் நான் மேசையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். தேனி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. துண்டை அவிழ்த்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

தெரு முனையில் இறங்கினோம். கொட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். தட்டுகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மேசையை நானும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் தூக்கினோம். பந்தல் வாசலில் தங்கச்சி ஆரத்தியோடு நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தது, உடனே கண்ணைத் துடைத்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். "வாங்க" என்றார். "வந்தேன்" என்றேன். நாலு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

மேசையைப் பந்தலுக்கு நடுவே வைத்தோம். தட்டுகளை மேலே அடுக்கப் போனார்கள். தங்கச்சி என் பக்கத்தில் வந்து மெல்ல, "அண்ணே, துண்டு அப்படியே கெடக்கட்டும். மதினி போன்ல எல்லாம் சொல்லிட்டாக. தட்ட மேல வச்சுட்டா யாருக்கும் தெரியாது" என்றது.

நல்ல யோசனைதான். ஆனால் தட்டுகள் சாயங்காலம் இறங்கிவிடும். துண்டு நாளைக்கு எடுபடும். மாப்பிள்ளை எடுப்பார், அவர் கண்டுபிடிப்பார், தங்கச்சிதான் அதைக் கேட்க வேண்டியிருக்கும். குடத்தின் நசுங்கலை அவர் கண்டுபிடித்ததால்தான் அன்றைக்கு எனக்குக் கால் எழுந்தது. இன்றைக்கு நானே காட்டிவிட்டால் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன்.

துண்டின் முடிச்சை அவிழ்த்து இழுத்தேன். வரவில்லை. வார்னிஷ் முழுதாகக் காயவில்லை, வெயிலில் இளகி ஒரு மூலையில் துண்டைப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். பர்ரென்று சத்தத்தோடு வந்தது. கொட்டுக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் துண்டின் நூலெல்லாம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

மாப்பிள்ளை வந்தார். குனிந்தார். பலகையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். இழுப்பறையை இழுத்து மூடினார். மூலையில் விரலை வைத்தார்.  தங்கச்சி ஆரத்தித் தட்டைக் கீழே வைக்காமலே நின்றது.

"மச்சான், மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு. மூலையில சன்னல் கம்பி வேற போட்டிருக்கீக."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கால் அசைந்தது. அசைந்த காலை அப்படியே ஊன்றிக்கொண்டேன்.

"டேப்ப அறுக்கையில கத்தி பட்டுருச்சு மாப்ள. கீறல மறைக்க வாழக்கறை வச்சேன். கறுத்துருச்சு. அதான் பூராத்தையும் தேச்சு, பூராத்துக்கும் கறைய வச்சுட்டேன். காலுக்கு வைக்க நாள் பத்தல. வார்னிஷ் இன்னும் காயல. அதான் துண்டு ஒட்டிக்கிருச்சு."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டுக்காரி என்னையே பார்த்தாள்.

"வாழக்கறையா?" என்றார் அவர்.

"ஆமா."

மறுபடி குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அது போகாதே."

"போகாது."

"கீறல் எங்கன?"

"தெரியல. நானும் தேடிட்டேன்."

அவர் தேடினார். வெளிச்சத்துக்குச் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி, நன்றாகத் தேடினார். பட்டுச்சேலையோடு மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, "அப்பா, என்னைய எப்பப்பா கவனிப்பீக?" என்றது. அதற்குத்தான் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் திரும்பி, "மால நேரா இல்ல. மொதல்ல அதச் சரி பண்ணு" என்றார்.

தங்கச்சி மூச்சு விட்டது. "இவுக இப்படித்தான். நேத்து பந்தல்காரன அழ வச்சுட்டாக. கம்பு கோணலாம்" என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சடங்கு நடந்தது. பிள்ளைக்கு மாலை போட்டேன். தங்கச்சி போனில் சொன்ன ஒண்ணுவிட்ட அண்ணனும் வந்திருந்தார், பட்டு வேட்டி கட்டித் தயாராகத்தான் வந்திருந்தார். அவரைக் கடைசி வரை யாரும் கூப்பிடவில்லை. பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். மாப்பிள்ளை பரிமாறிக்கொண்டு வந்தார். அடுத்த இலைக்காரரிடம், "ரசத்துல உப்பு கூட, பாத்து ஊத்திக்கங்க" என்றார். அவர் வீட்டு ரசம்தான். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். உப்பு கூடத்தான். அன்றைக்குக் குடமும் அவர் சொன்ன மாதிரி நசுங்கித்தான் இருந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது தங்கச்சி என் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனது. எடுக்க வந்த ஆளை விடவில்லை.

புறப்படும்போது மாப்பிள்ளை என்னைத் தலைவாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். போன வருடம் போட்ட தேக்குக் கதவு. கீழே முழங்கால் உயரத்துக்கு நாய் பிராண்டிய கோடுகள்.

"ஒரு வருசமா இதப் பாத்துக்கிட்டே போயி வர்றேன் மச்சான். தெனமும் கண்ணுல குத்துது. இதுக்கு உங்க கறை ஆகுமா?"

"ஆகும். ஆனா கறுத்துரும்."

"பூராத்துக்கும் வச்சா?"

"பூராத்தையும் தேய்க்கணும். ரெண்டு நாளு ஆகும்."

"ஒரு பக்கம் மட்டும் வச்சா, உள்ள ஒரு கலரு, வெளிய ஒரு கலரு ஆயிருமே."

"அப்ப நாலு நாளு."

யோசித்தார். "வெட்டு முடிச்சுட்டு வாங்க. இங்கனயே தங்கிக்கலாம்."

அடுத்த வாரம் ஒரு கேனில் கறை பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் இது என்ன கள்ளா என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கதவைக் கழற்றி இரண்டு முக்காலி மேல் படுக்க வைத்தோம். தங்கச்சி இட்லி கொண்டுவந்து வைத்தது. சாப்பிட்டுவிட்டு உப்புத்தாளை எடுத்தேன். பிள்ளை மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், மர ரேகைக்குக் குறுக்க தேய்க்கிறீக."

கையை நிறுத்திப் பார்த்தேன். குறுக்கேதான் தேய்த்துக்கொண்டிருந்தேன். திருப்பிப் பிடித்துத் தேய்த்தேன்.